ஒரு பக்கமா, ஆறு பக்கமா

இர்மா ஹவ்லிக் எழுதிய கடிதம் போகாத பண்ணை வீடு அயோவாவிலும் நெப்ராஸ்காவிலும் குறைவு. ஆனால் அவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கடிதத்தின் அடியில் நீல மையில் "உங்கள் எமில் ரூசிச்கா" என்றுதான் இருக்கும். எமில்தான் ரூசிச்கா நர்சரியை ஆரம்பித்தவர். ஸ்ட்ராபெரி நாற்றும் ஆப்பிள் கன்றும் ராஸ்பெரிக் குச்சியும் தபாலில் விற்றே பெரிய ஆளானவர். அவர் கல்லறைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் முழங்கால் வலியைப் பற்றிப் புலம்பிக்கொண்டும் வீட்டுக்காரி போட்ட ஜாமைப் பற்றிப் பீற்றிக்கொண்டும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் இர்மாவின் கைவேலை. முழங்கால் இப்போது தேவலையா என்று விசாரித்து, ஆர்டரோடு சீட்டு வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. வாத்துக் கொழுப்பைக் காய்ச்சித் தடவச் சொன்னவர்களும் உண்டு.

அந்தக் கடிதம் ஆறு பக்கம். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒரு நாற்று நடுவதற்கு ஆறு பக்கம் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஜனவரி மாதத்தில் அயோவாவில் ஒரு பண்ணை வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெளியே பனி இடுப்பளவு கிடக்கும். மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. அந்த நேரத்தில், போன வருஷம் மே மாதப் பனியில் கருகிப்போன பூக்களைப் பற்றி ஒருவர் நிதானமாகச் சொன்னால் யாருக்குத்தான் கேட்கப் பிடிக்காது? பக்கத்தின் கடைசி வரியில் வாக்கியத்தை இர்மா முடிக்கவே மாட்டாள். பாதியில் நிறுத்துவாள். மீதியைப் படிக்கத் தாளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த தந்திரம்தான் அது. அவள் கொஞ்சம் நன்றாகச் செய்தாள், அவ்வளவே.

எவ்வளவு நீளம் என்று முடிவு செய்ய அவளிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது. அவள் புருஷன் ஸ்டான்லி. தானியக் கிடங்கில் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் காபியோடு உட்கார்ந்திருப்பவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். ஸ்டான் கொட்டாவி விட்ட இடத்தில் பென்சிலால் அடித்துவிடுவாள். "நீ நாத்து விக்கிறியா, என்னைத் தூங்க வைக்கிறியா?" என்பார் அவர். அடித்தது போக மிஞ்சுவது ஆறு பக்கமாக இருக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் அக்டோபரில் ஸ்டானுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது. வலப் பக்கம் மரத்து, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது "சரி" என்ற ஒரு சொல்தான். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். காலையில் ஒரு நர்ஸம்மா வந்து அவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வாள். அதனால்தான் இர்மா வேலைக்குப் போக முடிந்தது. அந்த நர்ஸுக்குச் சம்பளம் கொடுத்தது ரூசிச்கா நர்சரி தன் ஆட்களுக்காகக் கட்டிய மருத்துவக் காப்பீடு. வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் நர்ஸ் போவாள். நர்ஸ் போனால் ஸ்டானுக்கு இருப்பது மாவட்டத்து முதியோர் விடுதிதான். அந்த விடுதியின் நடைவழியில் சக்கர நாற்காலிகள் சுவரைப் பார்த்தபடி வரிசையாக நிற்பதை இர்மா ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதன்பிறகு அந்தத் தெரு வழியாகக் கார் ஓட்டுவதையே விட்டுவிட்டாள்.

மறுவருஷம் நவம்பரில் எமிலின் மகன் டொனால்டு அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். அவன் உட்காரச் சொன்னால் கெட்ட சேதி என்று அர்த்தம்.

"இர்மா, ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. பேங்க்ல இன்னும் ஒரு தடவைதான் பொறுப்பாங்க. இந்த ஜனவரித் தபால் ஓடலைன்னா நிலம் போயிடும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே டானி."

"போன வருஷம் பயமுறுத்தச் சொன்னேன். இப்ப பயந்துபோய்ச் சொல்றேன்."

அப்புறம் விஷயத்துக்கு வந்தான். சிகாகோவில் தபால் வியாபாரிகளுக்கென்று நடந்த வகுப்புக்குப் போய் வந்திருந்தான். அங்கே சொல்லித் தந்தது, இனிமேல் கடிதம் ஒரு பக்கம் போதும். தாள் விலை ஏறிவிட்டது, தபால் செலவு ஏறிவிட்டது, ஜனங்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆறு பக்கம் எவன் படிக்கிறான் இர்மா? எங்கப்பாவே படிச்சிருக்க மாட்டார்."

"உங்கப்பாதானே அதை எழுதுறாரு," என்றாள் இர்மா. டொனால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் மனிதன்தான். சின்ன வயதில் அவள் மேசைக்கடியில் உட்கார்ந்து தபால்தலை கிழித்துச் சேர்த்தவன்.

கடைசியில் தொழிலில் எல்லாரும் செய்வதைச் செய்யலாம் என்று முடிவானது. வாடிக்கையாளர் முகவரிகளில் கொஞ்சத்தை எடுத்து, பாதிப் பேருக்கு ஒரு பக்கக் கடிதம், பாதிப் பேருக்கு ஆறு பக்கக் கடிதம். ஒரு பக்கத்தோடு வைக்கும் ஆர்டர் உறை பச்சை, ஆறு பக்கத்தோடு வைப்பது மஞ்சள். எந்த நிறம் அதிகம் திரும்பி வருகிறதோ அந்தக் கடிதத்தை ஜனவரியில் மற்ற எல்லாருக்கும் அனுப்புவது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் நாள் விடுமுறை முடிந்த கையோடு இரண்டும் தபாலில் போயின. ஒமஹாவில் இருந்த அச்சகத்துக்காரன் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மட்டும்தான் இயந்திரம் காலி என்று சொல்லியிருந்தான். அதற்குள் முடிவு தெரிய வேண்டும்.

தபால் பிரிப்பது ட்வைலா. வாயும் கத்தியும் ஒரே வேகத்தில் ஓடும் பெண்மணி. முதல் நாள் மூட்டையை மேசையில் கொட்டினாள். பச்சை, பச்சை, பச்சை. நடுவில் ஒரு மஞ்சள். அதையும் பிரித்தால் உள்ளே ஆர்டர் இல்லை. எமிலுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை.

"உன் எமிலுக்கு லவ் லெட்டர் வந்திருக்கு, வாங்கிக்கோ," என்றாள் ட்வைலா. இர்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "இன்னிக்குதானே ஆரம்பம். பொறு."

மறுநாளும் பச்சைதான். அதற்கடுத்த நாளும். பச்சை உறைகள் அட்டைப்பெட்டி நிரம்பி வழிந்தன. மஞ்சளை ஒரு கையில் பிடித்துவிடலாம். இர்மா காரணமே இல்லாமல் தபால் அறைக்கு வந்து வந்து போனாள். மதியம் கொண்டுவந்த ஹாம் சாண்ட்விச்சைத் தொடவில்லை. இருபது வருஷமாக ஊரை ஏமாற்றிச் சம்பளம் வாங்கியவள் போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. யாருமே படிக்காததை எழுதித் தள்ளியிருக்கிறோமோ? எமில் பேரைச் சொல்லித்தான் இத்தனை நாள் ஓடியதோ?

அந்த வார முடிவில் வீட்டில் ஸ்டான் எதிரே உட்கார்ந்து இரண்டு கடிதத்தையும் சத்தமாகப் படித்தாள். முதலில் ஒரு பக்கம். பிறகு ஆறு பக்கம். ஸ்டான் கண்ணை எடுக்காமல் கேட்டார். கொட்டாவியே விடவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் எதைப் படித்தாலும் அப்படித்தான் கேட்கிறார், மளிகைச் சீட்டைப் படித்தாலும்.

"எது நல்லாயிருக்கு ஸ்டான்? சின்னதா?"

"சரி."

"பெருசா?"

"சரி."

"இப்படி ரெண்டுக்கும் சரின்னா நான் என்ன பண்றது? சொல்லுங்களேன். உங்களுக்காகத்தானே கேட்கிறேன்."

"சரி, சரி," என்றார் ஸ்டான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதைப் பார்த்து இர்மா தாள்களை மடித்து வைத்துவிட்டாள். இந்த மனிதர் அந்த அக்டோபரிலேயே போயிருந்தால் இன்றைக்கு இந்தப் பாடு இல்லையே என்று ஒரு நினைப்பு வந்து போனது. வந்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். எழுந்துபோய் அவருக்குப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, பாத்திரம் தேய்த்தாள்.

திங்கட்கிழமை டொனால்டு அவள் மேசைக்கு வந்தான். கையில் ஒமஹா அச்சகத்தின் போன் நம்பர்.

"இன்னிக்குச் சொல்லியாகணும். பச்சை எங்கயோ முந்திப் போயிடுச்சு. ஆனாலும் நீங்க சொல்லுங்க இர்மா. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்னு சொன்னா, வேற அச்சகம் தேடிப் பார்க்கிறேன். நீங்க சொல்றதுதான்."

பாவி மகன், முடிவை அவளிடமே விட்டான். அவனே அதட்டி ஒரு பக்கம்தான் என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். எத்தனையோ வருஷமாகப் பார்த்ததையெல்லாம் எடுத்துச் சொல்லியிருப்பாள். சின்னக் கடிதம் வந்தால் பண்ணைக்காரன் தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்து, ஒரு கட்டு நாற்றுக்கு எழுதிப் போட்டுவிடுவான், இல்லாவிட்டால் கசக்கி எறிவான். பெரிய கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோவான். சமையலறைக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைப்பான். சர்ச்சுக்குக்கூடப் போக முடியாத ஒரு பனிநாள் வரும், பெண்டாட்டி படிப்பாள், எந்த வரப்பில் எதை நடலாம் என்று இருவரும் வாக்குவாதம் செய்வார்கள், அப்புறம்தான் ஆர்டர் கிளம்பும். மஞ்சள் உறை தாமதமாகத்தான் வரும் என்பது இர்மாவுக்குத் தெரியாத விஷயமா? ஆனால் பயம் பிடித்தவளுக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன! அவள் கண்முன் பச்சை நிரம்பிய அட்டைப்பெட்டி இருந்தது. சுவரைப் பார்த்து நிற்கும் சக்கர நாற்காலி இருந்தது. தன் எழுத்தின் மேல் இருக்கிற வீம்புக்காக ஸ்டானைப் பணயம் வைக்கக் கூடாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியது நியாயம் போலவும் இருந்தது.

"ஒரு பக்கமே போகட்டும்," என்றாள்.

"நிச்சயமா?"

"நான்தான் சொல்றேனே."

அச்சுக்குப் போகும் பிரதியை அன்று மத்தியானமே அவளே தயார் செய்தாள். சோதனைக்குப் போன ஒரு பக்கத்தை டொனால்டு எழுதியிருந்தான். அதைச் சும்மா விட மனமில்லாமல், தன் ஆறு பக்கத்திலிருந்து ஏதாவது காப்பாற்றி உள்ளே வைக்க முடியுமா என்று பார்த்தாள். முழங்கால் வலி போனது. ஜாம் போனது. மே மாதப் பனி போனது. கன்று பட்டுப்போனால் வேறு கன்று இலவசமாக அனுப்புவோம் என்பதற்கு எமில் சொல்லும் கதை போய், அது ஒற்றை வரியானது. படம், விலை, கையெழுத்து. முடித்தபோது அது நன்றாகத்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்ற அளவுக்கு நன்றாக இருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து தபால் அறை திறந்த அன்று ட்வைலா கூப்பிட்டனுப்பினாள். எப்போதும் கத்திக் கூப்பிடுகிறவள், ஆள் விட்டுக் கூப்பிட்டாள். இர்மா போனபோது மேசையில் மூட்டை கொட்டிக் கிடந்தது. மேசை முழுக்க மஞ்சள்.

"மிச்சத்தைப் பிரிக்க எனக்குக் கை வரலை," என்றாள் ட்வைலா.

இர்மா உட்கார்ந்து பிரித்தாள். பச்சை உறைகளில் ஒரு கட்டு, இரண்டு கட்டு என்று கேட்டு வந்திருந்தது. மஞ்சள் உறைகளில் தோட்டமே கேட்டிருந்தார்கள். ஆப்பிள் நான்கு, பிளம் இரண்டு, ராஸ்பெரி ஒரு வரிசை முழுக்க, மகள் வீட்டுக்கு வேறு தனியாக. மினசோட்டாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "எமில், உங்கள் கடிதம் வந்த வாரம் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம். தலை நிமிர நேரமில்லை. நேற்றுப் பனி வழியை மூடிவிட்டது. கிளாரா சத்தமாகப் படித்தாள், முடிந்ததும் மறுபடி படிக்கச் சொன்னேன்."

டொனால்டு ஒமஹாவுக்குப் போன் செய்தான். அச்சடித்து, மடித்து, மூட்டை கட்டி, எல்லாம் நேற்றே தபாலில் ஏறிவிட்டது. திருப்பி எடுக்க முடியாது. மறுபடி அச்சடிக்கக் காசில்லை. போனை வைத்துவிட்டு அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"திட்டு டானி," என்றாள் இர்மா. "வாயைத் திறந்து திட்டு."

"உங்களை எதுக்குத் திட்டணும்? சிகாகோ போய்க் காசு கட்டிக் கத்துட்டு வந்தவன் நான்."

"எனக்குத் தெரியும்டா. மஞ்சள் பின்னாடிதான் வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவன் அப்போதும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

ஜனவரித் தபால் போக வேண்டிய இடமெல்லாம் போனது. முதல் வாரம் பச்சை பொங்கி வந்தது. இரண்டாம் வாரம் வற்றியது. பிறகு நின்றே போனது. சின்ன ஆர்டர்கள்; நாற்றைத் தோண்டிப் பொட்டலம் கட்டுகிற கூலிக்கே பற்றவில்லை. எமிலுக்கு என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று கேட்டு நிறையச் சீட்டுகள் வந்தன. மார்ச் மாதம் வங்கிக்காரர்கள் வந்து நிலத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். டொனால்டு ஆட்களைக் கூப்பிட்டு, நின்றபடியே சொல்லிவிட்டான். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

நர்ஸம்மா கடைசி நாளன்று ஸ்டானுக்குச் சவரம் செய்துவிட்டு, வாசலில் நின்று இர்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இர்மாவுக்கு ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது. விடியுமுன் போக வேண்டும். ஸ்டானை அத்தனை நேரம் தனியாக விட முடியாது. எத்தனை விதமாகக் கணக்குப் போட்டும், யார் யாரையோ கெஞ்சியும், வேறு வழி பிறக்கவில்லை.

மாவட்டத்து விடுதியின் முன்னறையில் இருந்தவள் ஒரு தாளை நீட்டினாள். பெயர், வயது, மருந்து. கடைசியில், ஊழியர்கள் இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று போட்டு மூன்று கோடு. இர்மா பேனாவை அந்தக் கோட்டின் மேல் வைத்தபடி இருந்தாள்.

"கூடத் தாள் இருக்குமா?"

"சுருக்கமா எழுதுங்க போதும். இங்க யாருக்கும் உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது."

இர்மா கைப்பையில் இருந்த தாள்களை எடுத்து மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக எமில் இல்லாமல், தன் பெயரில் எழுதினாள். அறியாத ஒருவருக்கு ஸ்டானைப் பிடிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவருக்குக் காபியில் பால் ஆகாது என்பதையும், "சரி" என்று இரண்டு தடவை சொன்னால் சரியில்லை என்று அர்த்தம் என்பதையும் எழுதினாள். தானியக் கிடங்கில் தீப்பிடித்தபோது உள்ளே ஓடி இரண்டு பேரை இழுத்து வந்தவர் என்பதையும், அதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை என்பதையும் எழுதினாள். பக்கத்தின் கடைசியில் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த தாளுக்குப் போனாள். கை அப்படித்தான் பழகியிருந்தது. ஆறாவது பக்கத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தாள்.

முன்னறைக்காரி தாள்களைக் கையில் வாங்கி, கனத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். கிளிப் போட்டு ஒரு தட்டில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு இர்மா விடுதிக்குப் போன் செய்தாள். எடுத்தது சின்னப் பெண்ணின் குரல். ஜோலீன் என்று பெயர் சொன்னாள்.

"ஸ்டான்லி ஹவ்லிக்கா? சாப்பிட்டாரும்மா. படுக்க வெச்சாச்சு."

"நான் எழுதிக் குடுத்ததைப் படிச்சியா?"

"எதை? எனக்கு யாரும் எதுவும் குடுக்கலையே. ஃபைல்ல மருந்து எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

 ஸ்டானின் நாற்காலி எதிரே காலியாக இருந்தது. இர்மா முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். காபியைச் சொன்னாள். இரண்டு "சரி"யைச் சொன்னாள். பின்னால் யாரோ மணி அடித்துக் கூப்பிடுவது போனில் கேட்டது. "இதோ வரேன்" என்று அந்தப் பெண் கத்தினாள். இப்போது வைத்துவிடுவாள் என்று இர்மா வேகவேகமாகச் சொன்னாள், தீயைச் சொன்னாள், இழுத்து வந்த இரண்டு பேரைச் சொன்னாள், மூச்சு வாங்கியது. போன் வைக்கப்படவில்லை.

"ம், சொல்லுங்க," என்றாள் ஜோலீன்.

"ராத்திரியில முழிச்சுக்குவாரு. எங்க இருக்கோம்னு தெரியாம பயந்துக்குவாரு. கூப்பிட வராது அவருக்கு. கண்ணை மட்டும் திறந்துட்டுக் கிடப்பாரு. அந்தப் பக்கம் போனா, ஒரு நிமிஷம் கையைப் பிடிச்சுக்கோம்மா. வேற ஒண்ணும் வேணாம். தனியா இல்லைன்னு தெரிஞ்சா தூங்கிடுவாரு. அவ்வளவுதான் நான் கேட்கிறது."

 மணி மறுபடி அடித்தது.

"எந்தக் கையைப் பிடிக்கணும்?" என்றாள் அந்தப் பெண்.

"இடது," என்றாள் இர்மா. "இடது கையிலதான் அவருக்குத் தெரியும்."